குறுக்கே கிடந்த கதிரை

வெள்ளிக்கிழமை நண்பகல். கண்டி டவுனில் ஒரு போன் கடைக்காரர் வாசலில் தான் உட்காரும் பிளாஸ்டிக் கதிரையைக் குறுக்கே போட்டுவிட்டு ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். அதைப் பார்த்ததும் என் கால் தானாக நின்றுவிட்டது.

இதே தெருவில்தான் அப்பாவின் கடை இருந்தது. பக்கத்துக் கடை அக்குறணை ஊர் நானாவுடையது; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். இரண்டிலும் குடைதான் வியாபாரம். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசல் பாங்கு கேட்டதும் நானா மரக் கதிரையைத் தன் கடை வாசலில் குறுக்கே இழுத்துப் போடுவார். "தம்பி, கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத் தொழப் போவார்.

அந்த நேரம் பார்த்து மழை பிடிக்கும். புதுக் குடைத்துணி மணமும் நனைந்த ஆட்களின் மணமும் கலந்து வீசும். நானாவின் கடைக்கு ஓடி வந்தவர்களுக்கு அப்பா நானாவின் குடையைத்தான் எடுத்துக் கொடுப்பார்.

"நம்ம குடையும் தொங்குதே அப்பா?"

"அவங்க வந்தது நானா கடைக்குத்தானேம்மா."

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு அந்தப் பக்கம் வந்தேன். எங்கள் கடை திறந்திருந்தது. உள்ளே நானா குடை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மரக் கதிரை அவருடைய கடை வாசலில் குறுக்கே கிடந்தது. அன்று வெள்ளிக்கிழமை இல்லை.

போன் கடையை ஒருவர் எட்டிப் பார்த்தார். "ஆள் இல்லையா?"

"தொழப் போயிருக்காங்க. இப்ப வந்துருவாங்க" என்றேன். கடைக்காரர் வரும்வரை நானும் அங்கேயே நின்றேன்.