உம்மு குல்தூம் சுற்றிய தென்னந்தோட்டம்

"மக்காவுக்குப் போனாலும் வீல் செயார்லதான் உங்கள உம்றா செய்ய வைப்பேன். நடக்க விட ஏலாது உம்மா."

மகன் நஸீர் அன்போடுதான் சொன்னான். ஆனாலும் அந்தச் சொல் உம்மு குல்தூமின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. முஸ்லிம்கள் ஊரைவிட்டு விரட்டப்பட்ட தொண்ணூறாம் ஆண்டு, மன்னாரிலிருந்து வந்த படகு கற்பிட்டிக் கரையைத் தொட்டபோது, இதே நஸீரை இடுப்பில் சுமந்துகொண்டு தண்ணீரில் இறங்கிய கால்கள் அவை. இப்போது நீரிழிவு எனும் சீனி வருத்தமும் முழங்கால் நோவும் சேர்ந்து அந்தக் கால்களை முடக்கப் பார்த்தன.

"கஃபாவ என்ட காலாலதான் சுத்துவேன். இல்லையெண்டா எனக்கு இந்தப் பயணமே வேணாம்."

"அப்ப நடந்து காட்டுங்க மாமி," என்றாள் மருமகள் ஃபஸ்னா. நடக்கும் பாதையை வரைபடத்தில் கோடாகக் காட்டும் செயலியை மாமியின் போனில் போட்டுக் கொடுத்தாள். சிலாபத்தில் இருக்கும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் அனுஜாவை வீடியோ அழைப்பில் பிடித்தாள். சீனி பார்க்கும் கருவியும் வீட்டுக்கு வந்தது.

விடியற்காலையில் சுபஹு தொழுததும் உம்மு குல்தூம் போனை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலிருந்த சின்னத் தென்னந்தோட்டத்தைச் சுற்றுவார். திரும்பி வந்ததும், பிஸ்கட் டின்னில் சாய்த்து வைத்த போனில் அனுஜா சொல்லச் சொல்ல, கதிரையில் இருந்தபடி கால்களை நீட்டி மடக்குவார்.

"என்ன ராத்தா, தென்னைக்குக் காவலா?" வேலிக்கு அப்பாலிருந்து அஸ்ரியா கேட்டாள்.

"இல்ல புள்ள, உங்கட வீட்டுச் சண்டையக் கேக்க வாறன்."

சீனி இறங்கியது, மூச்சிரைப்பும் குறைந்தது. ஆனால் பயணம் நெருங்கும் நேரத்தில் இடது முழங்கால் பூசணிபோல் வீங்கிவிட்டது.

"நான் அப்பவே சொன்னேன் உம்மா," என்று நஸீர் தலையில் கை வைத்தான். உம்மு குல்தூம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, சத்தம் வராமல் அழுதார்.

அனுஜா ஓய்வெடுக்கச் சொன்னாள். ஃபஸ்னா அனுப்பியிருந்த பாதைக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அம்மா, எல்லா நாளும் இடப்பக்கமாவே திரும்பியிருக்கிறீங்களே, ஏன்?"

உம்மு குல்தூம் தயங்கினார். "கஃபாவச் சுத்தித் தவாஃப் செய்யேக்க அது இடது கைப்பக்கம் இருக்கணும் மிஸ். அப்பிடியே பழகுவமே எண்டு..."

அனுஜா சிரிப்பை அடக்கினாள். "அங்க அப்பிடியே நடங்க. இங்க நடுவில நிக்கிறது தென்னைதானே? சின்ன வட்டத்தில ஒரே பக்கம் திரும்பித் திரும்பி, பாரமெல்லாம் இடது முழங்காலுக்குப் போயிருக்கு. இனி மற்றப் பக்கமும் சுத்துங்க."

ஃபஸ்னா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நல்ல வேள, தவாஃப் எண்டு மனசுல நிய்யத்து வைக்கல்ல," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே உம்மு குல்தூமும் சிரித்தார்.

ஓய்வுக்குப் பிறகு இரு பக்கமும் மாறி மாறி நடந்தார். வீக்கம் வடிந்தது. நடையைக் கண்ட நஸீர் வீல் செயார் பேச்சை விட்டுவிட்டு உம்மாவோடு விமானம் ஏறினான்.

மக்காவில் அவர் தன் சொந்தக் காலால் தவாஃபை முடித்தார். அடுத்தது சஃபா மலைக்கும் மர்வா மலைக்கும் இடையில் ஏழு முறை நடப்பது. பச்சை விளக்குகள் எரியும் இடத்தில் ஆண்கள் ஓட வேண்டும். புத்தளத்துக் கடையில் நாள் முழுக்கக் கதிரையில் இருந்து தொந்தி வளர்த்த நஸீர், ஐந்தாம் ஓட்டத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

பின்னால் நிதானமாக நடந்து வந்த உம்மு குல்தூம் அவன் முதுகைத் தடவிவிட்டார்.

"ஆறுதலா மூச்செடுத்துட்டு வா மகன். நான் முன்னால போறன்."

அந்தக் கால்கள் கூட்டத்தைக் கடந்து மர்வாவை நோக்கிப் போவதை நஸீர் பார்த்துக்கொண்டே நின்றான். வழிந்த கண்ணீரைத் துடைக்க அவனுக்குத் தோன்றவில்லை.