மாப்பிள்ளை வேன் வயலில் இறங்கிய காலை

தொண்ணூறுகளின் நடுவில், மலை எஸ்டேட்டுகளுக்குச் சாமான் ஏற்றிப்போக என் கணவர் ஒரு ஜீப் வைத்திருந்தார். மழையில் எங்காவது புதைந்துவிட்டால் இழுத்துக்கொள்ள, முன்பக்கம் பாட்டரியில் ஓடும், வடத்தைச் சுருட்டி இழுக்கும் வின்ச் மாட்டியிருந்தார். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை என்றால் நானும் கூடப் போவேன். இரும்பு வடத்தைக் கொண்டுபோய் மாட்டுவது அவர் வேலை. சுவிட்ச் என் கையில்.

ஓர் ஐப்பசிக் காலையில் முக்கூடலைத் தாண்டியதும் ஒரு கல்யாண வேன் நின்றது. பஸ்ஸுக்கு ஒதுங்கியதில் பின்சக்கரங்கள் வயல் சேற்றில் இறங்கியிருந்தன. முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

என் கணவர் முதலில் வேனிலிருந்த எல்லோரையும் இறக்கினார். ஜீப்பை எதிரே நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்தார். பாட்டரி இறங்காமலிருக்க எஞ்சினை ஓடவிட்டார். கையுறை போட்டுக்கொண்டு வடத்தை இழுத்துப்போய் வேனின் முன்கொக்கியில் மாட்டினார். அறுந்தாலும் வடம் பறக்காமல் அமுங்கிவிட, அதன் நடுவில் நனைந்த சாக்கைப் போட்டார். தெறித்து வந்தால் கண்ணாடியில் அடிக்காதபடி ஜீப்பின் போனட்டையும் தூக்கி வைத்தார்.

"நான் கையத் தூக்குனா மட்டும் அமுக்கு" என்று, ஜீப்பில் உட்கார்ந்து பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் சொன்னார்.

அவர் கையைத் தூக்கவில்லை. மாப்பிள்ளை பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வடத்தை ஒட்டி நின்றிருந்தார்.

"அங்கன நிக்காதீங்க தம்பி."

"கயிறுதானே அண்ணாச்சி, நானும் ஒரு கை பிடிக்கேன்."

கூட்டத்தில் ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்க அமுக்குங்கம்மா, நேரமாவுதுல்லா!" என்று சத்தம் போட்டார்.

"அவுக தள்ளிப் போகட்டும். பொறவு அமுக்குதேன்" என்று சுவிட்சை மடியில் வைத்துவிட்டேன்.

பொம்பளை கையில் கொடுத்தால் இப்படித்தான் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நான் சுவிட்சைத் தொடவில்லை. கடைசியில் மாப்பிள்ளையின் மாமா அவர் தோளைப் பிடித்து வாய்க்கால் பாலத்துக்குக் கூட்டிப்போனார்.

கை உயர்ந்தது. அமுக்கினேன். வடம் விறைத்தது, வேன் லேசாக நகர்ந்தது, உடனே டமாரென்று ஒரு சத்தம். வேனின் கொக்கி துருவேறியிருந்திருக்கிறது. அடியோடு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. சாக்கின் கனத்தில் வடம் எங்கள்வரை வராமல் பாதியிலேயே சுருண்டு விழுந்தது. அதன் நுனி கிடந்த இடம், மாப்பிள்ளை நின்றிருந்த இடம்.



என் கணவர் வடத்தில் பிசிறு ஏதும் கிளம்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வேனுக்கு அடியில் புகுந்து சேஸிஸ் சட்டத்தில் சங்கிலி சுற்றி மாட்டினார். இந்தத் தடவை எல்லோரும் தாங்களாகவே பாலத்துக்குப் போய்விட்டார்கள். கொஞ்சம் இழுப்பதும், மோட்டார் சூடு ஆற விடுவதும், மறுபடி இழுப்பதுமாக வேனை ரோட்டில் ஏற்றினோம்.

புறப்படும்போது மாப்பிள்ளை ஜீப் அருகே வந்தார். ஏதோ சொல்ல நினைத்தவர், "வாறேங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். முகூர்த்தம் தவறி அடுத்த நல்ல நேரத்தில் தாலி கட்டினார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டோம். வடத்தைக் கழுவி, வரிசை குலையாமல் திரும்பச் சுற்றுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எஸ்டேட் சாமான் மறுநாள்தான் மலையேறியது.