பத்து வயதில் சரியாகிவிடுமா?

என்னால் ஒரு குழந்தையின் ஸ்பீச் தெரபி இரண்டு மாதம் நின்றுபோயிருந்தது. போன வாரம் செவ்வாய்க்கிழமைதான் எனக்கே தெரிந்தது.

சேகர் எனக்கு வழக்கமாக வரும் டிரைவர். ஊர் கருங்குழி. குடும்ப நிலத்தை அண்ணன் பார்த்துக்கொள்ள, இவர் கார் ஓட்டுகிறார். மனைவி கல்பனா. ஒரே மகள் யாழினிக்கு நான்கு வயது... ஆட்டிசம். செவ்வாய்தோறும் செங்கல்பட்டில் அவளுக்கு வகுப்பு. அதனால் அன்றைக்கு மட்டும் சேகர் வரமாட்டார்.

போன வாரச் செவ்வாய் நாவலூரில் ஓர் ஆபீஸுக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்தது. வேறு யாரையாவது அனுப்பச் சொல்லி சேகருக்கு போன் செய்தேன். பார்த்தால், அவரே வந்து நிற்கிறார்!

"இன்னிக்கு கிளாஸ் இல்லையா சேகர்?"

"அத்த நிறுத்தி ரெண்டு மாசம் ஆவுது சார். பத்து வயசுல தானா சரியாயிடும்னு நீங்கதான சொன்னீங்கோ?"

நானா? எப்போது?

சொன்னேன்தான். இரண்டு மாதத்துக்கு முன்பு கோவளம் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது சேகர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, யாரோ அனுப்பிய இங்கிலீஷ் கட்டுரை ஒன்றை போனில் காட்டினார். "இதுல இன்னா போட்டுகீதுன்னு படிச்சு சொல்லுங்கோ சார்." எனக்கோ மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது. வேகமாகப் படித்தேன். ஆட்டிசம் உள்ள மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளின் மூளையில் சில ரசாயனங்கள் மற்ற குழந்தைகளைவிடக் குறைவாகத் தெரிகின்றன. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளிடம் அந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவில்லை... இதுதான் சாரம். அப்படியே தமிழில் சொன்னேன்.

"அப்போ பத்து வயசுல சரியாயிடுமா சார்?"

"அப்படித்தான் போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

அப்படிப் போட்டிருக்கவில்லை. போன வாரச் செவ்வாய் மாலை, அதே கட்டுரையை சேகரிடம் வாங்கி நிதானமாகப் படித்தபோதுதான் உறைத்தது. வித்தியாசம் தெரியாத அந்தப் பத்து வயதுப் பிள்ளைகளுக்கும் ஆட்டிசம் இருக்கிறதே! ரசாயனக் கணக்கு கிட்டத்தட்டச் சமமாகிவிட்டது, ஆட்டிசம் போகவில்லை. அப்படியானால் அந்த ரசாயனத்தால் ஆட்டிசமா, ஆட்டிசத்தால் அந்த ரசாயனமா? இல்லை, இரண்டுக்கும் காரணம் வேறெங்காவது இருக்கிறதா? மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் குழப்பம் கூடியதே தவிர குறையவில்லை.

மறுநாள் நானும் அவர்களோடு செங்கல்பட்டு டாக்டரிடம் போனேன். வழி முழுக்கக் கல்பனா என் பக்கம் திரும்பவேயில்லை. யாழினி அம்மாவின் மடியில் உட்கார்ந்து, சீட் பெல்ட்டின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே வந்தாள்.

டாக்டரம்மாவிடம் கல்பனாதான் முதலில் பேசினாள். "தண்ணி வேணும்னா சொம்ப வெரல நீட்டிக் காட்டிகினு இருந்தா மேடம். இப்ப காட்ட மாட்டேங்குறா. பழையபடி என் கைய புடிச்சு இஸ்துகினு போறா."

எனக்குத் தலை நிமிரவில்லை.

"அந்தக் கெமிக்கலுதான் இன்னா மேடம்? அதுக்கு மாத்திரை கீதா?" என்றார் சேகர்.

"ஸ்கேன்ல வித்தியாசம் தெரியுதுங்க. ஆனா ஏன் வருது, அப்புறம் ஏன் குறையுதுன்னு எங்களுக்கே முழுசா தெரியாது. அதுவும் பல குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்றது. யாழினிக்கு இப்படித்தான்னு அதை வெச்சு சொல்ல முடியாது. அதைச் சரி பண்ண மாத்திரையும் இல்லை. சின்ன வயசுல சொல்லிக் குடுத்தா நல்லா உதவும். அது மட்டும் தெரியும். அதை நிறுத்தாதீங்க."

கல்பனா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மாசமா இருக்கச்ச நான் துன்னது எதுனாச்சும்..."

"இல்லைம்மா. நீங்க செஞ்ச தப்பு எதுவும் இல்லை."

கல்பனா உடனே அழவில்லை. மகளின் கவுனில் அவிழ்ந்திருந்த ஊக்கை நிதானமாக மாட்டினாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். இந்தக் கேள்வியை இத்தனை நாளும் மனசிலேயே வைத்திருந்தாளாம். சேகருக்கே அன்றுதான் தெரியும்.

நேற்று முன்தினம் வகுப்பு மறுபடி தொடங்கியது. நானும் போயிருந்தேன். யாழினி உள்ளே நுழைந்ததும் மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டாள். டீச்சர் கூப்பிட்டுப் பார்த்தார், வரவில்லை. கடைசியில் டீச்சரே குனிந்து மேஜைக்கு அடியில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். முக்கால் மணி நேர வகுப்பும் அங்கேயேதான் நடந்தது. விரலை நீட்டினாளா? இல்லை. போகப் போகத்தான் தெரியும் என்கிறார் டீச்சர். இரண்டு மாத இடைவெளி எவ்வளவு பின்னே தள்ளியது என்று கேட்டேன். அதற்கும் அவரிடம் திட்டமான பதில் இல்லை.

வாசலில் கல்பனாவிடம் மன்னிப்புக் கேட்டேன். முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே சார். எங்களுக்கு அது பழகிப்போச்சு. எந்த டாக்டராண்ட போனாலும் அத்தத்தான் சொல்லிகினு கீறாங்கோ."

முப்பது வருடமாக எழுதுகிறேன்... அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு அன்றைக்கு ஏன் வாய் வரவில்லை?