கிளச் ஒயில் என்று நாங்கள் சொல்வது

பக்கத்து வாசல் அக்கா அந்த நேரம் குப்பை போட இறங்கி வராதிருந்தால், நான் அந்த ஒயிலை ஊற்றியிருப்பேனா? இன்றும் எனக்கு விடை தெரியவில்லை.

முதல் நாளே கிளச் பெடல் தொய்ந்திருந்தது. வேலையிலிருந்த கணவர் தொலைபேசியில், "கிளச் ஒயில் குறைஞ்சிருக்கும். வாங்கி ஊத்தும், சரிவரும்" என்றார். கிளச் ஹைட்ராலிக்கில்தானே வேலை செய்கிறது என்று, கடையில் ஹைட்ராலிக் ஒயில் என்றே கேட்டேன். கேட்டதையே தந்தார்கள்.

மறுநாள் காலை மகளுக்குத் தடுப்பூசி டெர்மின், முன்பே பதிந்து எடுத்த நேரம். அதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று பேர்லின் தாய்மாருக்குச் சொல்லத் தேவையில்லை. அவளைப் பின்னாசனத்தில் கட்டிவிட்டுக் கிளச்சை மிதித்தேன். பெடல் கீழே போய் அங்கேயே கிடந்தது. கியர் விழவில்லை.

பொனற்றைத் திறந்தேன். கிளச்சுக்கென்று தனியாக ஒயில் ஊற்றும் கிண்ணம் ஒன்றும் இல்லை. பிரேக்குக்கு உரியது மட்டும் இருந்தது. கையேட்டை இரண்டு முறை படித்தேன். இரண்டுக்கும் அதுதான் என்று போட்டிருந்தது. மூடியில் கை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன்.

"என்ன பிள்ளை, விடிய வெள்ளன காருக்குத் தாளிக்கிறீரோ?"

பக்கத்து வாசல் அக்கா. வயோதிபர்களைப் பராமரிக்க வீடு வீடாகக் கார் ஓடுபவர். போத்தலை வாங்கிப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இதையோ விடப்போறீர்? றப்பரெல்லாம் ஊதிப்போகும். பிரேக்கும் பிடியாது."

"பிரேக் ஒயில் எண்டுதானே அக்கா எல்லாரும் சொல்லுறம்?"

"சொல்லுவம். மண்ணெண்ணெயும் எண்ணெய்தான், தோசைக்கு விடுவீரோ? அதுக்குள்ள விடுறது ஒயிலே இல்லை, பிரேக் திரவம். நானும் ஒருக்கா ஊத்திப்போட்டுத்தான் படிச்சனான். காரை அசைக்காதேயும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாரும். நான் கொண்டுபோய் விடுறன்."

அவர் தன் வேலைக்குப் பிந்தித்தான் போனார். ஊசி போடும்போது மகள் அழுதாள். நானும் அழுதேன். தாதி என்னைத்தான் முதலில் சமாதானப்படுத்தினார்.

கராஜில் கிளச் பக்கத்துச் சிறு சிலிண்டர் கசிந்ததாகச் சொல்லி அதை மாற்றினார்கள். பிறகு திரவத்தையும் முழுக்க மாற்றி, குழாய்களுக்குள் இருந்த காற்றை வெளியேற்றினார்கள். வெளியே வந்த பழையது பால் விடாத பிளேன்ரீ போலக் கறுத்திருந்தது. போன முறை பிரேக் பக்கத் திரவத்தை மட்டும் மாற்றிவிட்டு, கிளச் பக்கக் குழாயில் பழையதையே விட்டிருக்கலாம் என்றார்கள். இப்போது பெடல் மிதித்தால் மேலே வருகிறது. ஒவ்வொரு முறை அது காலைத் தள்ளும்போதும் அக்காவை நன்றியோடு நினைக்கிறேன். கடைசி நேரத்தில் தயங்கிய என் கைக்கும் கொஞ்சம் நன்றி.

ஆனாலும் ஒரு யோசனை. அடுத்த முறை திரவம் மாற்றும்போது, "கிளச் பக்கமும் மாற்றினீர்களா?" என்று கராஜில் கேட்க வேண்டும். அவர்களைச் சந்தேகப்படுவதாகத் தோன்றக்கூடாது, கேட்காமலும் விடக்கூடாது. ஜேர்மன் மொழியில் நீங்கள் இதை எப்படிக் கேட்பீர்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.