ஹமீது நானா அளந்த கயிறு

கொல்லையில் துணி காயப்போடும் கொடிக்குப் புதுக்கயிறு அளந்துகொண்டிருந்தேன். தொலைபேசி மணி அடித்தது. மனைவி எடுத்தாள், பிறகு ஜன்னல் வழியாக, "ஹமீது அண்ணன் போயிட்டாராம். சுபுஹு தொழுதுட்டுப் படுத்தவரு எந்திரிக்கலயாம்" என்றாள். கயிற்றை அப்படியே போட்டுவிட்டு அவர் ஊரான அசாம் ஜாவாவுக்குக் கிளம்பினோம்.

கோல சிலாங்கூர் படகுத்துறையில் அவரோடு பழகிய பலருக்கும் அவர் முழுக்கைச் சட்டைக்காரர். உச்சி வெயிலில் மூட்டை இறக்கும்போதும் பொத்தானைக் கழற்ற மாட்டார். ஆற்றில் குளித்தாலும் சட்டையோடுதான். மைனர் மாதிரி இருக்கிறாரே என்று நானே கேலி பேசியிருக்கிறேன். அந்தச் சட்டைக்குள் என்ன இருந்தது என்பதை, அவர் மகனிடம் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் இங்கே எழுதுகிறேன்.

மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து வெள்ளைக்காரர்களோடு சண்டையிட்ட அவசரகாலம் அது. நான் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். பால்மரம் வெட்டப் பிடிக்காமல் படகு வேலைக்கு வந்துவிட்டேன். அவர் கடல் தாண்டி வந்த மரைக்காயர் வீட்டுப் பிள்ளை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அதனால் அவர்கள் வழக்கப்படி அண்ணன் என்று பொருள்படும் நானா. இருவருக்கும் ஒரே முதலாளி. கிள்ளான் துறைமுகத்திலிருந்து அரிசி ஏற்றி வருவோம். வந்ததும் ஆற்றின் நடுவில் நங்கூரம் போட்டுக் காத்திருக்க வேண்டும். போலீஸ் வந்து மூட்டைகளைச் சோதித்த பிறகுதான் கரை சேரலாம். அதற்கு முன் கரையைத் தொட்டால், காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி கொடுக்கிறோம் என்று அர்த்தம்.

நங்கூரக் கயிற்றில் அடையாளம் வைப்பது நானாவின் வேலை. இரண்டு கைகளையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். பாகத்துக்கு ஒரு சாக்குத் துண்டு, ஐந்து பாகத்துக்கு ஒரு தோல் துண்டு என்று கயிற்றின் புரிக்குள் செருகி நூலால் இறுக்கிக் கட்டுவார். ஆழம் பார்க்கும் ஈயக்குண்டுக் கயிற்றிலும் அவர் வைத்த அடையாளம்தான். ஆழம் ஒரு பாகம் என்றால் நங்கூரக் கயிறு நாலு பாகம் விட வேண்டும் என்பது எங்கள் கணக்கு.

நான் நெட்டை, அவர் குள்ளம். அவருடைய பாகம் என்னுடையதைவிட ஒரு அடி குறையும். "நானா, உங்க பாகத்துல சேலை எடுத்தா உங்க வீட்டு அக்காவுக்கு முந்தானையே இருக்காதுலா" என்பேன். அவர் சிரிக்க மாட்டார். "குட்டையோ நெட்டையோ, ரெண்டு கயிறும் ஒரே கை அளந்ததா இருக்கணும் தம்பி. அது போதும்" என்பார். எனக்கு அது சமாளிப்பாகத்தான் பட்டது.

ஒருமுறை அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அந்த வாரம் பார்த்து நங்கூரக் கயிறு நைந்துபோக, முதலாளி புதுக்கயிறு வாங்கினார். "ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லுங்க, நான் வந்து கட்டுறேன்" என்று நானா சொல்லியனுப்பினார். நான் பொறுக்கவில்லை. சரியான பாகம் என்றால் என்ன என்று காட்டுகிறேன் பார் என்று, என் நீளக் கையால் அளந்து நானே கட்டிவிட்டேன். ஈயக்குண்டுக் கயிறு நானா அளந்த பழையதுதான். அதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த நடையில் ஈயக்குண்டுக் கயிறு ஐந்து பாகம் ஆழம் காட்டியது. இருபது பாகம் கயிறு விட்டேன். போலீஸ் வரத் தாமதமாகவே, நானும் இஞ்சின் பார்க்கிற மலாய்க்காரரும் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தோம். அதற்குள் கடல்நீர் ஏறி, நீரோட்டம் மாறிப் படகு திரும்பிவிட்டது. கூச்சல் கேட்டு எழுந்தபோது படகின் பின்பக்கம் கரையோரச் சேற்றில் வளரும் நீப்பாப் பனை மட்டைகளுக்குள் இருந்தது, போலீஸ் படகு எங்கள் பக்கத்தில் இருந்தது.

மூட்டை ஒன்றுகூடக் குறையவில்லை. இனிமேல்தான் இறக்க இருந்தீர்கள் என்றார் அதிகாரி. எங்களை உள்ளே வைத்துவிட்டார். விசாரணையே இல்லாமல் அடைத்து வைத்து, பிறகு இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிவிடுகிற காலம். நான் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. மனைவிக்கு ஏழு மாதம். அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அறிந்ததில்லை.

மறுநாள் காலை, காய்ச்சல் விடாத உடம்போடு சைக்கிள் மிதித்து நானா வந்தார். முதலாளியும் வந்து வாசலோரம் நின்றார். "துவான், ரெண்டு கயித்தையும் கொண்டாரச் சொல்லுங்க" என்று நானா அதிகாரியிடம் மலாயில் கேட்டுக்கொண்டார். கயிறுகளை முற்றத்தில் விரித்தார்கள். முதலில் என்னை அளக்கச் சொன்னார். நங்கூரக் கயிற்றில் அடையாளத்துக்கு அடையாளம் என் கை பொருந்தியது. ஈயக்குண்டுக் கயிற்றில் ஒவ்வொரு அடையாளத்தையும் தாண்டிப் போனது.

"இது யார் கை?" என்றார் அதிகாரி.

நானா ஒருமுறை முதலாளியைப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றினார்.

இடது முழங்கை வளைந்திருந்தது. சிறு வயதில் முறிந்து, கோணலாகக் கூடிய எலும்பு. எவ்வளவு முயன்றாலும் நிமிராது. கை ஊனம் என்று தெரிந்தால் எந்தப் படகிலும் வேலை கிடைக்காது, அதனால் அத்தனை வருடம் மறைத்திருக்கிறார். அந்தக் கையை எல்லார் முன்னாலும் விரித்து, கயிற்றைப் பிடித்தார். ஒவ்வொரு அடையாளமும் அச்சாகப் பொருந்தியது. எனக்குத் தலை நிமிரவில்லை.

பாகத்துக்கு ஒரு அடி, இருபது பாகத்துக்கு இருபது அடி கயிறு கூடிப்போனதால்தான் படகு கரைவரை போயிருக்கிறது. அதிகாரி சுலபத்தில் நம்புகிறவர் இல்லை. ஆற்றுக்கே அழைத்துப்போய், நானாவின் பாகத்தில் இருபது மட்டும் விடச் சொல்லி, நீரோட்டம் மாறும்வரை உட்கார்ந்து பார்த்தார். படகு திரும்பியது. நீப்பாவை அது தொடவில்லை. அன்று மாலையே எங்களை விட்டுவிட்டார்கள். முதலாளி அந்தக் கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "புதன்கிழமை நடைக்கு வந்துரு" என்று மட்டும் நானாவிடம் சொன்னார்.

திரும்பி வரும்போது நான் மன்னிப்புக் கேட்கத் தடுமாறினேன். "நீ சொன்னது நெசந்தான் தம்பி. அதனாலதான் எங்க ஊட்டுல சேலையெல்லாம் அவளே அளந்து எடுப்பா" என்றார். மறுநாள் நான் கட்டியதை அவிழ்த்துவிட்டு, இருவருமாக மறுபடி கட்டினோம். பின்னாளில் அவருக்குத் தோள்வலி வந்தபோது அந்த வேலை என்னிடம் வந்தது. என் இடது முழங்கையை மடக்கி, அவர் பாகத்துக்குக் கொண்டுவந்து அளக்கப் பழகிக்கொண்டேன்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பிய மறுநாள், விட்ட இடத்திலிருந்து கொடிக்கயிற்றை அளக்க எடுத்தேன். மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கைய நேரா நீட்டி அளந்தா என்னவாம்?"

"இதுதான் என் அளவு" என்றேன்.