மேலே பார்த்த இரண்டு இலைகள்

சின்ன வயதில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. வரிசையாக எதைக் கண்டாலும் எண்ணுவேன். மாதா கோவில் தரையில் பூ, ஜன்னல் கம்பியில் சுருள், பாயில் சிவப்புக் கோடு. வரிசை ஒழுங்காக இருந்தால் மனம் அடங்கும். ஒன்று தப்பியிருந்தாலும் கண் அங்கேயே போய் நிற்கும், சோறு இறங்காது.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட முப்பதுகள் அவை. எங்கள் சின்னம்மா கன்னியர் மடத்துக்குத் துணியில் பூவேலை செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் மாதா திருநாளுக்குப் பீடத்தில் விரிக்கும் துணி அவள் கைக்கு வந்தது. ஓரம் முழுக்கத் திராட்சைக் கொடி. ஓர் இலை மேலே பார்க்கும், அடுத்தது கீழே பார்க்கும். சின்னம்மா பென்சிலால் வரைந்துகொள்ள மாட்டாள்; துணியின் இழைகளை எண்ணியே தைப்பாள். நன்றாக வந்தால் இனிப் பீடத்துணி எல்லாம் உனக்குத்தான் என்று மடத்து மாசேர் சொல்லியிருந்தார். கன்னியரை நாங்கள் மாசேர் என்றுதான் கூப்பிடுவோம்.

“சைகோன்காரன் பொண்டாட்டிக்கு இதெல்லாம் எதுக்குடி? தைக்கிறதுக்கு அங்க ஆள் வைப்பானே” என்று அம்மா சீண்டுவாள். சைகோனுக்கு வேலைக்குப் போயிருந்தவர் திரும்பியதும் சின்னம்மாவுக்குக் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள்.

ஒரு மத்தியானம் தபால்காரர் கடிதம் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். சின்னம்மா படித்தாள், மடித்தாள், நூல் டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

“சைகோன் மாமாவா எழுதியிருக்காரு?” என்றேன்.

“நீ இந்தப் பச்சை நூலைக் கோத்துக் குடு” என்றாள். தையல் நிற்கவில்லை.

திருநாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது துணி முடிந்தது. மடிக்கும்போது எண்ணிப் பார்த்தேன். ஓரிடத்தில் அடுத்தடுத்து இரண்டு இலைகள் மேலே பார்த்தன. சொன்னால் அங்கிருந்து கடைசிவரை பிரிக்க வேண்டும். சொல்லாவிட்டால் மாசேர் கண்டுபிடித்துவிடுவார். வாயைத் திறக்காமல் அவளோடு மடத்துக்கு நடந்தேன்.

மாசேர் மேசையில் துணியை விரித்து ஓரத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். நினைக்க நினைக்கக் கண் அங்கேயே போனது. விரல் அந்த இடத்தைத் தாண்டியும் விட்டது. நான் மூச்சு விட்டேன்.

“அக்கா மகனா? அங்க என்னடா அப்படிப் பார்க்குற?” என்று மாசேர் என் கண் போன வழியில் குனிந்தார். விரல் திரும்பி வந்தது. “ரெண்டு இலையும் மேல பார்க்குதேம்மா. இங்கேர்ந்து எல்லாமே மாறிப் போச்சு.”

சின்னம்மா துணியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “கவனிக்கல மாசேர். திருநாளுக்குள்ள பிரிச்சுத் தைச்சுடறேன்.”

வீட்டில் கடைசியிலிருந்து ஒவ்வோர் இலையாகப் பிரித்துக்கொண்டே வந்தாள். அந்த இரண்டு இலைகள்வரை வந்ததும் ஊசியை வைத்துவிட்டு அழுதாள்.

“நான்தான் பார்த்துட்டேன் சின்னம்மா. இனிமே பார்க்க மாட்டேன்.”

“நீ பார்க்கலன்னா மட்டும் சரியாயிடுமாடா?” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

திருநாள் பூசையில் துணி பீடத்தில் தொங்கியது. மூன்று முறை எண்ணினேன். ஓர் இலைகூடத் தப்பவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதியாக ஜெபம் சொன்னேன்.

சைகோன்காரருக்கு அங்கேயே குடும்பம் இருப்பது கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் வீட்டில் மற்றவர்களுக்குத் தெரிந்தது. அந்த இரண்டாவது இலை, கடிதம் வந்த மத்தியானம் நான் கோத்துக் கொடுத்த நூலில் தைத்தது. அது எனக்கு அப்போதே தெரியும். இருந்தும் அவள் இலைக்காகத்தான் அழுதாள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.