தம்பிக்கு வந்தது வலிப்பில்லை

ஏழு வயதில் நான் சொல்லச் சொல்ல ஒரு டாக்டரம்மா எழுதிக்கொண்டார். அந்தப் பெருமையை இன்றுவரை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஆம்பூரில் அம்மாவும் அப்பாவும் ஷூ கம்பெனிக்குப் போயிருந்தார்கள். கைக்குழந்தையான தம்பிக்குக் காலையில்தான் அத்தை கக்குவான் இருமலுக்கான இரண்டாவது தடுப்பூசியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மதியம் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவன் வெளுத்துத் துவண்டு போனான். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. என் கூச்சலில் ஓடிவந்த அத்தை அவனைத் தூக்கி உலுக்கு உலுக்கென்று உலுக்கினாள், கையில் பீரோ சாவியைத் திணித்தாள், மூக்கில் தோல் செருப்பை வைத்தாள். பின்னாலேயே வந்த தெரு அந்த உலுக்கலைப் பார்த்துவிட்டு, "ஐயோ, வலிப்பு!" என்றது. கொஞ்ச நேரத்தில் அவன் அழுதுவிட்டான். ஆனால் வலிப்பு என்ற பேர் நிலைத்துவிட்டது. "இனிமே ஊசியே வோணாம்" என்றார் அப்பா. தெருவில் மற்ற தாய்மார்களும் பின்வாங்கினார்கள்.

ஊசிக்குப் பிறகு குழந்தைக்கு ஏதாவது ஆனால் விசாரிக்கவென்றே ஒரு டாக்டரம்மா வேலூரிலிருந்து வந்தார். தம்பியைச் சோதித்துவிட்டு எல்லோரையும் கேட்டார். கை கால் வெட்டி இழுத்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

"மொதல்ல பாத்தது யாரு?"

"நான்தான்."

"அப்ப கை காலு இழுத்துச்சா கண்ணு?"

"இல்ல. ஈரத்துணி மாரி தொங்கினான். அத்தைதான் வந்து உலுக்குச்சு."

அத்தைக்கு வந்ததே கோபம்! "இன்னாடி வாயி! நானா வலிப்பு வர வச்சேன்?"

டாக்டரம்மா ஒரு தலையணையைக் கொடுத்து நடித்துக் காட்டச் சொன்னார். எப்படி எப்படியோ மாற்றிக் கேட்டார். சொன்னதிலிருந்து நான் அசையவில்லை, தலையணையும் அசையவில்லை.

"இது வலிப்பு மாதிரி தெரியலங்க. இந்த ஊசிக்கு அபூர்வமா சில குழந்தைங்க இப்படித் துவண்டு போகும், தானா தெளிஞ்சிடும். ஊசியால வந்ததா இருக்கலாம்னு எழுதத்தான் போறேன், மறைக்க மாட்டேன். அடுத்த ஊசிய ஆஸ்பத்திரியிலயே வச்சுப் போடலாம்" என்றார். மறைக்க மாட்டேன் என்றதும்தான் அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்த ஊசிக்கு அம்மா லீவு போட்டுவிட்டு என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஊசி போட்டதும் தம்பியை என் மடியில் வைத்தாள். "நீ நல்லா பாப்பே. பாத்துக்கினே இரு" என்றாள். சாயங்காலம்வரை கண்ணை எடுக்காமல் பார்த்தேன். அவன் சிரித்தான், என் ரிப்பனைப் பிடித்து இழுத்தான், ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவு பெரிய வேலையை என்னை நம்பிக் கொடுத்துவிட்டாளே என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை. பக்கத்திலேயே இருந்துகொண்டு அம்மா ஏன் தம்பி பக்கமே திரும்பாமல் கடைசிவரை சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள் என்பதுதான் அன்று எனக்குப் புரியவில்லை.